இரண்டுக்கு ஒன்று

போன வருஷம் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வேலை கிடைத்தது. பெரிய வேலை ஒன்றுமில்லை. எக்ஸல் ஷீட்டில் நாலாயிரம் கொமென்ட். ஒவ்வொன்றையும் வாசித்து, யாரையாவது புண்படுத்துகிற மாதிரி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கொடுத்தவர் எங்கள் ஊர் அண்ணா ஒருவர். கம்பியூட்டர் பக்கம் படிக்கிறவர். தமிழில் எழுதப்படுகிற வசைப் பேச்சைக் கண்டுபிடிக்கிற மொடல் ஒன்றைக் கடைசி வருஷ ஆய்வுக்காகச் செய்துகொண்டிருந்தார். "நீங்க ஆர்ட்ஸ் பிள்ளைகள்தானே, தமிழ் நல்லா வரும்" என்றார். கொஞ்சம் காசும் உண்டு. நாவலப்பிட்டியில் மழை விடாத மாதம். வெளியே போக வழியில்லை. சரி என்று உட்கார்ந்தோம்.

மூன்று பேரில் இரண்டு பேர் டவுண். ஒருத்தி தோட்டம். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிகிறவர்கள் என்பதால், இந்த வித்தியாசம் எங்களுக்குள் ஒரு விஷயமே இல்லை என்று நினைத்திருந்தோம்.

இந்த வேலை எதற்கு என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கண்டி மாவட்டத்துக்கு ஊரடங்கு, நாட்டுக்கே அவசரகாலச் சட்டம், பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வேலை செய்யாத நாட்கள். அந்த வன்முறைக்கு முன்னும் பின்னும் பேஸ்புக்கில் பரவிய வெறுப்புப் பேச்சைத் தடுக்கத் தவறியதற்காக 2020இல் அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரியாத இயந்திரம் எங்கள் ஊர்களில் என்ன செய்யும், என்ன செய்யாமல் விடும் என்பதை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்.

அண்ணாவுக்கு முன்னாலும் தமிழ்க் கொமென்டுகளுக்கு லேபல் போட்டவர்கள் இருக்கிறார்கள். 2020இல் பாரதி ராஜா சக்கரவர்த்தியும் அவரோடு சேர்ந்தவர்களும் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கொமென்டுகளுக்கு லேபல் போட்டு வெளியிட்டார்கள். ஆனால் அவை சினிமா டிரெய்லர்களுக்குக் கீழே எழுதப்பட்டவை. விஜய், அஜித் சண்டையைப் புரிந்துகொள்கிற மொடலுக்கு ஹட்டன் பிள்ளை ஒருத்தி பாடின வீடியோவுக்குக் கீழே நடப்பது புரியுமா? அதனால்தான் இலங்கை வீடியோக்களின் கொமென்ட்.

ஷீட்டைக் கொடுத்து மூன்று வாரம் கழித்து அண்ணா சந்தோஷமாக மெசேஜ் போட்டார். மொடல் 89 சதவீதம் சரியாம். நாங்களும் சந்தோஷப்பட்டோம். இரண்டு நாள் கழித்து வேறு மெசேஜ். "தங்கச்சிமாரே, ஒரு பிரச்சினை."

பிரச்சினை இதுதான். மொடலைச் சோதிக்க 800 கொமென்டை ஒதுக்கி வைத்திருந்தார். அதில் 700 சாதாரணக் கொமென்ட், 100 வசை. ஒன்றுமே படிக்காமல் எல்லாவற்றுக்கும் 0 போட்டாலே 87.5 சதவீதம் வந்துவிடும். மொடல் 0 போட வேண்டியதில் 681க்கும் 1 போட வேண்டியதில் 31க்கும் சரியாகப் போட்டிருந்தது. மொத்தம் 712, அதாவது 89 சதவீதம். செய்தித்தாளில் போடலாம் போல இருக்கிற அந்த எண்ணுக்குள்ளே நூற்றில் 69 வசை தப்பிப் போயிருந்தது.

அண்ணா முதலில் மொடலைத்தான் சந்தேகப்பட்டார். நூறு மொழிகள் படித்த எக்ஸ்எல்எம்-ரோபெர்ட்டா என்ற மொடலை எடுத்து அதன்மேல்தான் எங்கள் லேபல்களைப் படிப்பித்திருந்தார். இன்னும் அதிக சுற்று ஓட்டிப் பார்த்தார், வேறு மொடல் போட்டுப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கடைசியில்தான் எங்கள் பக்கம் திரும்பினார்: "லேபல்லதான் பிழை இருக்கும்."

லேபலில் பிழை இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம். 2021இல் கர்டிஸ் நோர்த்கட்டும் இன்னும் இரண்டு பேரும், உலகம் முழுக்க மொடல்களைச் சோதிக்கப் பாவிக்கிற பத்துத் தரவுத்தொகுப்புகளைத் தோண்டிப் பார்த்தார்கள். சராசரியாகக் குறைந்தது 3.3 சதவீதம் பிழை. இமேஜ்நெட் என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பின் சோதனைப் பகுதியில் குறைந்தது 6 சதவீதம். கையெழுத்து எண்கள் மட்டுமே இருக்கிற எம்னிஸ்டில்கூட 10,000க்கு 15 பிழை. 4 என்ற எண்ணையே பிழையாக எழுதி வைக்கிற உலகத்தில் எங்கள் கொமென்டுகளில் பிழை இல்லாமல் இருக்குமா?

அவர்கள் பாவித்த வழியையே அண்ணாவும் பாவித்தார். தரவை ஐந்து பங்காகப் பிரிப்பது. நாலு பங்கில் படிப்பித்து, மொடல் பார்க்காத ஐந்தாவது பங்குக்குப் பதில் சொல்ல வைப்பது. இப்படி ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு பங்கு. கடைசியில் எல்லாக் கொமென்டுக்கும், அதை முன்பே பார்க்காத ஒரு மொடலின் பதில் இருக்கும். எங்கே மொடல் மிக உறுதியாக 0 என்கிறதோ, அங்கே நாங்கள் 1 போட்டிருந்தால் அது சந்தேகப் பட்டியலில் சேரும். மறுபக்கமும் அப்படித்தான். பட்டியலில் 300க்குக் கிட்ட வந்தது. அண்ணா சொன்ன ஒரு நல்ல விஷயம்: "மொடல் சொல்லுதுன்னு மாத்த வேணாம். ஒவ்வொண்ணா வாசிங்க."

வாசித்தோம். முதல் நாளே ஒன்று பிடிபட்டது. சந்தேகப்பட்ட வரிகளின் இலக்கங்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. 2613க்குப் பிறகு நானூறு வரி வரைக்கும். அதில் எந்த வரியை எடுத்தாலும் லேபல் அதற்கு மேலே இருந்த வரியோடு பொருந்தியது. நடந்தது என்னவென்றால், ஒரு கொமென்டில் யாருடையவோ போன் நம்பர் இருந்ததால் அதை அழித்திருக்கிறோம். முழு வரியையும் அழிக்காமல் அந்த ஒரு பெட்டியை மட்டும் அழிக்க, கீழே இருந்த கொமென்டெல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டது. லேபல் இருந்த இடத்திலேயே இருந்தது. யார் அழித்தது என்று இங்கே எழுத மாட்டோம்.

இது ஏன் கண்ணில் படவில்லை என்று யோசித்தால் வியப்பாக இருந்தது. பத்தில் ஒன்பது கொமென்ட் சாதாரணம். ஒரு படி நகர்ந்தாலும் 0 இன்னொரு 0மேல்தான் போய் உட்காரும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். இடம் மாறுவது கொஞ்சமாக இருக்கிற 1கள்தான். அதாவது அந்த நானூறில் எங்களுக்கு வேண்டிய வசைகள் கிட்டத்தட்ட அத்தனையும் கெட்டுப்போய், மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. எது குறைவாக இருக்கிறதோ அதுதான் முதலில் தொலைகிறது.

இரண்டாவது வகை, களைப்பு. யாரோ வெட்டி ஒட்டிய ஒரே கொமென்ட் ஒன்பது இடத்தில் இருந்தது. ஆறு இடத்தில் 1, மூன்று இடத்தில் 0. ஒரே ஆட்கள், ஒரே கொமென்ட், வேறு வேறு நேரம். ஒரே மாதிரி வரிகளைத் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஐந்து நிமிஷத்தில் பிடிபடும்.

மூன்றாவது வகை எங்கள் பிழையும் இல்லை, மொடலின் பிழையும் இல்லை. எங்களுக்குக் கிடைத்த அறிவுறுத்தல் ஒரே ஒரு வரி. அது போதவில்லை. 'கள்ளத்தோணி' என்ற சொல்லை எடுங்கள். படகேறி அவுஸ்திரேலியா போனவர்களைப் பற்றிப் பேசும்போது அது நடந்ததைச் சொல்கிற சொல். மலையகத்தவரைப் பார்த்துச் சொன்னால் அது வசை. குடியுரிமை பறிபோன 1948இன் நினைவு அதற்குள்ளே இருக்கிறது. இன்னொன்று: "தோட்டக்காட்டான்னு சொல்றவனுக்கு வெக்கமில்லையா" என்று ஒருவர் எழுதினால், வசைச் சொல் உள்ளே இருக்கிறது, ஆனால் அவர் வசைபாடவில்லை. நாங்கள் ஒரு நாள் 1, ஒரு நாள் 0 போட்டிருந்தோம். யாரைப் பார்த்துச் சொல்கிறது, சொல்கிறவரின் சொல்லா, மேற்கோளா என்று கேள்விகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் வைத்து, இரண்டு பக்கத்துக்குப் புது அறிவுறுத்தல் தயாரித்தோம். ஆர்ட்ஸ் படிப்பு உதவியது அங்கேதான்.

இதுவரைக்கும் நல்லபடியாகப் போனது. நாலாவது வகையில்தான் மாட்டிக்கொண்டோம்.

அண்ணா எங்கள் மூன்று பேருக்குள்ளும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போட்டிருந்தார். அதற்கு 1960இல் ஜேக்கப் கோகன் சொன்ன கப்பா என்ற அளவு இருக்கிறது. வெறுமனே எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இரண்டு பேர் ஆளுக்கு நூற்றில் தொண்ணூறுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 0 போட்டாலே தற்செயலாக 82 சதவீதம் ஒத்துப்போகும். கப்பா அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது. அந்தக் கணக்கில் 88 சதவீதம் ஒத்துப்போனவர்களுக்கும் கப்பா 0.33தான்.

டவுண்காரர் இரண்டு பேருக்கும் இடையில் கப்பா நன்றாகவே இருந்தது. தோட்டத்துக்காரி எங்கள் இரண்டு பேரோடும் குறைவு. சந்தேகப் பட்டியலிலும் அவள் தனியாக 1 போட்ட வரிகள் மேலே மேலே வந்தன. அண்ணா தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "அவட லேபலை விட்டுட்டுப் பார்த்தா என்ன?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று பேரில் ஒருவர் மட்டும் வேறு மாதிரிப் போட்டால் அவர் கவனமில்லாமல் போட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்வது இந்த வேலையில் வழக்கம். உண்மையைச் சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் உடனே மறுக்கவில்லை. அவளுக்கு வீட்டில் சிக்னல் இல்லை, மேட்டில் ஏறி நின்று அவசரமாகப் போட்டிருப்பாள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவளிடம் கேட்கவில்லை.

பட்டியலை அவளும் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு 1184ஆம் வரியைத் திறந்து வாசிக்கச் சொன்னாள். தோட்டப் பிள்ளை ஒருத்தி பாடின வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியது. குரல் நன்றாக இருக்கிறதாம், கூடையை முதுகில் போட்டுக்கொண்டு பாடியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்குமாம். நாங்கள் இரண்டு பேரும் 0. பாராட்டுத்தானே, கெட்ட சொல் ஒன்றும் இல்லையே. மொடலும் 0, அதுவும் மிக உறுதியாக.

"ஸ்கூல்ல மேடை ஏறினப்ப எனக்கு இதைத்தான் சொன்னாங்க," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் முன் வரிசையில இருந்தீங்க."

எங்களுக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு ஞாபகமிருந்தது.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அவளுடைய அம்மாயி கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை சொல்கிற கிலோவைத் தன் மனதிலும் போட்டு வைப்பாராம். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்தது போக எவ்வளவு எழுதினார்கள் என்று பார்ப்பாராம். எழுதினது குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். கேட்டால் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது என்பார்கள். "அம்மாயி பிழையா எண்ணினாங்கன்னு எல்லாருக்கும் சுலபமா சொல்லிடலாம். புத்தகம் பிழைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

அன்றைக்கு அவள் தனியாக 1 போட்ட வரிகளை எல்லாம் மூன்று பேரும் சேர்ந்து திரும்ப வாசித்தோம். சில, அவளே "இது என் கைப்பிழை" என்று மாற்றியவை. பெரும்பாலானவை அப்படியில்லை. லயம், கூடை, இஸ்டோர், துண்டுக் காணி என்று சாதாரணச் சொற்கள்தான். யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று தெரிந்தவளுக்கு மட்டும் அவை வேறாகக் கேட்டிருக்கின்றன. பெரும்பான்மை வாக்கு எடுத்தபோது அத்தனையும் 0 ஆகியிருந்தன. மொடல் அந்த 0களில்தான் படித்தது. பிறகு அதே மொடல் அவளுடைய 1களைப் பிழை என்று பட்டியல் போட்டது. எங்களிடம் கற்றுக்கொண்டதை அது எங்களிடமே சாட்சியாகத் திருப்பிச் சொன்னது.

கதை இங்கே முடிந்திருந்தால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பாடம் படித்தவர்களாக இருந்திருப்போம். கெம்பஸ் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தியிடம் சும்மா பார்க்கக் கொடுத்தோம். பத்து நிமிஷத்தில் நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு ஏன் 1 போட்டனியள்?" அந்தக் கொமென்ட்: "அந்தப் பெட்டையை முதல்ல பாட விடுங்கோ." எங்களுக்குப் பெட்டை என்றால் ஆடு, கோழி, நாய். மூன்று பேரும், தோட்டத்துக்காரியும் சேர்த்து, ஒரே மனதாக 1. அவளுக்குப் பெட்டை என்றால் பிள்ளை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்காகப் பரிந்து பேசின கொமென்ட் அது. தேடிப் பார்த்தால் அப்படி இருபதுக்கு மேலே.

இந்த இருபதில் ஒன்றுகூட சந்தேகப் பட்டியலில் வரவில்லை. வரவும் முடியாது. நாங்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிழை விட்டதால் மொடலும் அதை அப்படியே படித்துக்கொண்டது. பெட்டை என்றால் 1. எங்களுக்குள் கப்பாவும் அந்த வரிகளில் குறையவில்லை. எல்லாரும் சேர்ந்து விடுகிற பிழைக்குச் சத்தமே இருக்காது. 2019இல் மார்ட்டென் சாப்பும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் இதையே கண்டார்கள். கறுப்பினத்தவரின் பேச்சு வழக்கில் எழுதப்பட்ட ட்வீட்டுகள் வசை என்று அதிகமாக முத்திரை குத்தப்பட்டன. அந்த லேபல்களில் படித்த மொடல்களும் அதையே செய்தன. யாழ்ப்பாணப் பிள்ளை பேசினாலே அழித்துவிடுகிற ஒரு மொடலை நாவலப்பிட்டியில் மழைக்குள் இருந்து நாங்கள் படிப்பித்திருக்கிறோம்.

எங்கள் தரவில் ஒருத்தி மட்டும் வேறாகச் சொன்ன இடத்தில் பெரும்பாலும் அவள் சரி. எல்லாரும் ஒன்றாகச் சொன்ன ஒரு இடத்தில் எல்லாரும் பிழை. ஒத்துப்போவதையும் சரியாக இருப்பதையும் ஒன்றென்று நினைத்துத்தான் ஒருத்தியின் லேபலைத் தூக்கி எறியப் பார்த்தோம்.

மலையகத்துக்காரருக்கு இது புதிதாகத் தெரியக்கூடாது. 1911 கணக்கெடுப்பில்தான் முதல் தடவையாக 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு பெட்டி வைத்தார்கள். 1971இல் நாட்டின் சனத்தொகையில் 9.3 சதவீதம் இந்தியத் தமிழர், 2012இல் 4.1 சதவீதம். நிறையப் பேர் 1964 ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள். ஆனால் இங்கேயே இருந்துகொண்டு மற்றப் பெட்டியில் புள்ளடி போட்டவர்களும் உண்டு. ஆள் போனதா, லேபல் போனதா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு வீட்டிலேயே தாத்தா ஒரு பெட்டி, பேத்தி ஒரு பெட்டி.

கடைசியில் என்ன செய்தோம்? வரி நகர்ந்ததையும் களைப்பில் விட்டதையும் நேராகத் திருத்தினோம். அவை பிழைகள், பேச்சில்லை. புது அறிவுறுத்தலோடு சந்தேகமானவற்றைத் திரும்பப் போட்டோம். சோதனைக்கு ஒதுக்கிய 800ஐயும் அதே கவனத்தோடு திருத்தினோம். பரீட்சைத் தாளே பிழையாக இருந்தால் யார் பாஸ், யார் பெயில் என்று எப்படிச் சொல்வது? ஒப்பிடும்போது பழைய மொடலையும் புது மொடலையும் இந்தத் திருத்திய தாளிலேயே உட்கார வைத்தார் அண்ணா. புதியது பாதிக்கு மேற்பட்ட வசைகளைப் பிடிக்கிறது. பெரிய வெற்றி இல்லை, ஆனால் பொய்யான 89ஐ விட நல்லது. மட்டக்களப்பு, மன்னார், முஸ்லிம் நண்பர்கள் என்று இன்னும் சிலரை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். எங்களுக்குச் சத்தமில்லாத பிழைகளை அவர்களால்தான் காட்ட முடியும்.

கருத்து வேறுபாட்டை மட்டும் நாங்கள் திருத்தவில்லை. பார்பரா பிளாங்க் என்ற மொழியியல் கணினி ஆய்வாளர் 2022இல் எழுதினார்: மனிதர் லேபல் போடுவதில் வருகிற வேறுபாட்டை எல்லாம் குப்பை என்று துடைக்காதீர்கள், அதுவும் தகவல்தான். அதனால் பெரும்பான்மை முடிவு என்ற ஒற்றைக் கொலத்தை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு கொலமாக அப்படியே வைத்தோம். யார் எந்த ஊர், எந்தப் பேச்சு என்பதற்கும் ஒரு கொலம், பெயர் இல்லாமல். அண்ணாவும் தன் அறிக்கையில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் எழுதினார்.

நீங்களும் இந்த மாதிரி லேபல் போடுகிற வேலைக்குப் போவீர்கள். இப்போது எங்கள் வயதில் நிறையப் பேர் போகிறார்கள். போனால் இரண்டு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். வேறாகப் போட்டவரிடம் ஏன் என்று யாராவது கேட்டார்களா? எல்லாரும் ஒரே மாதிரிப் போட்டிருந்தால், அந்த எல்லாரும் எந்த ஊர்?

1184ஆம் வரியில் இப்போதும் 0, 0, 1 என்றுதான் இருக்கிறது. எங்கள் 0களை 1 ஆக்கட்டுமா என்று அவளிடம் கேட்டோம். "வேணாம்," என்றாள். "அன்னைக்கு நீங்க அப்படித்தானே வாசிச்சீங்க. அதுவும் இருக்கட்டும்." பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கொலம் சேர்த்தாள். அதில் அவள் எழுதியது ஒரு வரி: மேடையில் இருந்தவளுக்குக் கேட்டது.